வறட்சி தேர்ந்த குருவியும் பகைமீன் தேர்ந்த கப்பியும்

1976ஆம் ஆண்டு ஜான் எண்ட்லர் என்ற உயிரியலாளர், ட்ரினிடாட் தீவின் வடக்கு மலைத்தொடரில் ஓடும் அரிப்போ ஆற்றில் ஏறத்தாழ 200 கப்பி மீன்களைப் பிடித்து, அதுவரை கப்பியே இல்லாதிருந்த ஒரு சிற்றோடைக்கு எடுத்துப் போய் விட்டார். அடுத்த ஆண்டு கலாபகோஸ் தீவுகளில் மழை பொய்த்தது. அங்கே டாஃப்னே மேஜர் என்ற சின்னஞ்சிறு எரிமலைத் தீவில், பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியின் குழு 1973 முதலே குருவிகளைப் பிடித்து, அளந்து, காலில் வண்ண வளையம் மாட்டிப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தது. அப்படி வளையம் மாட்டிய குருவிகள் இப்போது கொத்துக் கொத்தாக மடிந்தன.

முன்னது மனிதர் திட்டமிட்டுச் செய்த சோதனை. பின்னது யாரும் கேட்காமல் வந்த பஞ்சம். ஒரு சிற்றினத்துக்குள் இயற்கைத் தேர்வு எப்படி வேலை செய்கிறது என்பதை அறிய விரும்பும் எவரும் இந்த இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். குருவியை மட்டும் படித்தால், பரிணாமம் இப்படியும் அப்படியுமாக அசைந்து கடைசியில் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடும் என்று தோன்றும். கப்பியை மட்டும் படித்தால், சூழலைச் சொல்லிவிட்டால் போதும், விளைவைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். இரண்டுமே பாதி உண்மைகள்.

டார்வின் 1835இல் கலாபகோஸில் சுமார் ஐந்து வாரங்கள் இருந்தார். அங்கே சுட்டுச் சேகரித்த குருவிகளில் எது எந்தத் தீவுடையது என்பதைக்கூட அவர் ஒழுங்காகக் குறித்து வைக்கவில்லை. 1837இல் லண்டனில் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் பார்த்துச் சொன்ன பிறகுதான் அவை நெருங்கிய உறவுடைய பல சிற்றினங்கள் என்பது தெரிந்தது. இயற்கைத் தேர்வு நடப்பதை மனிதர் தம் வாழ்நாளில் கண்ணால் காண முடியும் என்று டார்வின் எதிர்பார்க்கவே இல்லை. அது அவ்வளவு மெதுவானது என்பதே அவருடைய எண்ணம். பாடநூல்களும் விதவிதமான அலகுகளை வரிசையாக வரைந்து காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. அந்த வரிசை ஒரு முடிவின் படம். அந்த முடிவை உண்டாக்கிய வேலை நடப்பதோ ஒரே சிற்றினத்துக்குள், ஒரே வயதுக் குஞ்சுகளுக்கிடையே, அரை மில்லிமீட்டர் வேறுபாட்டில்.

டாஃப்னே மேஜரின் பரப்பு அரை சதுரக் கிலோமீட்டர்கூட இல்லை. மக்கள் குடியிருப்பு கிடையாது, நன்னீர் கிடையாது. அதனால்தான் அது இப்படிப்பட்ட ஆய்வுக்கு வாய்ப்பான இடம்: குருவிகள் அதிகம் வெளியே போவதில்லை, வெளியிலிருந்து அதிகம் வருவதில்லை, ஒவ்வொன்றையும் ஆள்போல அடையாளம் வைத்துக்கொள்ளலாம். அங்கே மிகுதியாக வாழ்ந்தது நடுத்தரத் தரைக் குருவி. விதை பொறுக்கித் தின்னும் பறவை. நல்ல மழை பெய்தால் புல்லும் பூண்டும் தழைத்து, சின்ன விதைகள் தரையெங்கும் சிதறிக் கிடக்கும். அப்போது எந்த அலகுக்கும் இரை கிடைக்கும்.

1977இன் மழைக்காலத்தில் பெய்தது மொத்தம் 24 மில்லிமீட்டர்தான். முந்தைய ஆண்டு அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் பெய்திருந்தது. செடிகள் புதிதாக விதைக்கவில்லை. தரையில் கிடந்த சின்ன விதைகளைக் குருவிகள் சில மாதங்களில் தின்று தீர்த்தன. மிஞ்சியவற்றில் முக்கியமானது, நம் நெருஞ்சியின் நெருங்கிய உறவான ஒரு செடியின் காய். நெருஞ்சி முள் காலில் ஏறிய எவருக்கும் அந்தக் காய் எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. உலர்ந்ததும் அது முள்ளோடு கூடிய துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் சில விதைகள், கட்டைபோல் இறுகிய ஓட்டுக்குள். குருவி அந்தத் துண்டைப் பாறையில் அழுத்திப் பிடித்து, அலகின் அடிப்பகுதியில் வைத்துக் குறடுபோல நெரித்துத் திருகி, ஒரு மூலையைப் பெயர்த்தெடுக்கும். அதற்கு அலகு நீளமாக இருந்தால் போதாது. மேலிருந்து கீழாக ஆழமாக, அடிப்பக்கம் பருத்து இருக்க வேண்டும். மெல்லிய அலகுடைய குருவி முயன்று பார்க்கும், விட்டுவிடும், வேறு எதையாவது தேடி அலையும். அலைவதற்கே உடம்பில் இருக்கும் சத்து செலவாகிவிடும்.

ஏறத்தாழ 1,200ஆக இருந்த நடுத்தரத் தரைக் குருவிகள் 180 அளவுக்குச் சுருங்கின. நூற்றுக்கு எண்பத்தைந்து போய்விட்டன. பிழைத்தவை யார் என்று பழைய குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. பஞ்சத்துக்கு முன் சராசரி அலகின் ஆழம் சுமார் 9.4 மில்லிமீட்டர். பிழைத்தவற்றின் சராசரி கிட்டத்தட்ட 10 மில்லிமீட்டர். ஆண் குருவிகள் பெண்களைவிடச் சற்றே பெரியவை என்பதால் பெண்களே மிகுதியாக இறந்தன. பஞ்சம் முடிந்தபோது ஒரு பெண்ணுக்குப் பல ஆண்கள் என்ற நிலை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மக்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது. எந்தக் குருவியின் அலகும் வளரவில்லை. கடினமான காயை உடைக்க வேண்டும் என்ற தேவை வந்ததால் அலகு பருத்தது என்று சொல்வது தவறு. ஏற்கனவே இருந்த வேறுபாட்டில் ஒரு பக்கம் கழிந்துபோனது, அவ்வளவுதான். சராசரி நகர்ந்தது, தனிப் பறவை நகரவில்லை. சிற்றினத்தின் நன்மைக்காக மெலிந்த அலகுக்காரர்கள் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

இன்னொன்றும் உண்டு: இதுவரை சொன்னது தேர்வு மட்டுமே, பரிணாமம் இன்னும் நடக்கவில்லை. பிழைத்தவற்றின் பெரிய அலகு நல்ல தீனியால் வந்திருந்தால், அவற்றின் குஞ்சுகள் மறுபடி பழைய சராசரிக்கே திரும்பியிருக்கும். இவ்வளவு சாவும் அடுத்த தலைமுறையில் தடயமின்றிப் போயிருக்கும். ஆய்வு மாணவர் பீட்டர் போக் பெற்றோரையும் குஞ்சுகளையும் குடும்பம் குடும்பமாக அளந்து, அலகின் ஆழத்தில் காணும் வேறுபாட்டில் பெரும்பகுதி மரபால் வருவது என்று பஞ்சத்துக்கு முன்பே கணக்கிட்டு வைத்திருந்தார். 1978இல் மழை வந்து, பிழைத்தவை கூடு கட்டிப் பொரித்த குஞ்சுகளின் அலகு, பஞ்சத்துக்கு முந்தைய தலைமுறையைவிடச் சுமார் 4 விழுக்காடு ஆழமாக இருந்தது. அப்போதுதான் அது பரிணாமம் ஆயிற்று. போக், பீட்டர் கிராண்ட் இருவரும் 1981இல் இதை வெளியிட்டார்கள்.

இனி ட்ரினிடாட். கப்பி மீன் நமக்குப் புதிதல்ல. சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் விசிறிபோன்ற வாலோடு நீந்துகிறது. கொசுப்புழுவைத் தின்னும் என்பதால் கிணறுகளிலும் குட்டைகளிலும் விடுகிறார்கள். கடையில் நாம் பார்ப்பது மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்த வடிவம். காட்டுக் கப்பி அதைவிடச் சிறியது. பெண் மீன் மங்கிய சாம்பல் நிறம். ஆண் மீனின் உடம்பில் ஆரஞ்சு, கறுப்பு, மினுமினுக்கும் நீலம் எனப் புள்ளிகள். ஒரு ஆணின் புள்ளிக்கோலம் இன்னொன்றுக்கு இராது. முட்டையிடாமல் குட்டி போடும் மீன் அது. சில மாதங்களில் ஒரு தலைமுறை திரும்பிவிடும்.

ட்ரினிடாட்டின் மலையோடைகளை அருவிகள் படிப்படியாகத் துண்டுபோட்டிருக்கின்றன. கீழ்ப்பகுதியில் பைக் சிக்ளிட் போன்ற பெரிய பகைமீன்கள் கப்பியை வேட்டையாடுகின்றன. அவற்றால் அருவி ஏற முடியாது. மேலே இருக்கும் ரிவியூலஸ் என்ற சிறுமீன், கிடைத்தால் கப்பிக் குஞ்சைத் தின்னும். வளர்ந்த கப்பியைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. ஆகவே ஒவ்வொரு ஆற்றிலும் ஆபத்தான கீழ்வீடு, பாதுகாப்பான மேல்வீடு. இப்படி ஓர் ஆறு அல்ல, பல ஆறுகள். எல்லாவற்றிலும் மேலே வாழும் ஆண்கள் பளிச்சென்று இருக்கின்றன, கீழே வாழும் ஆண்கள் மங்கலாக இருக்கின்றன. காரில் ஹாஸ்கின்ஸ் என்ற ஆய்வாளர் இந்த ஒழுங்கை முன்பே கவனித்து, 1957இலேயே ஓர் ஆற்றின் கப்பிகளை இன்னோர் ஆற்றின் மேற்பகுதியில் கொண்டு விட்டிருந்தார்.

எண்ட்லர் அதைச் சோதனையாக வளர்த்தெடுத்தார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பசுமைக்குடிலில் பத்துக் குளங்கள் கட்டினார். தரையில் பல நிறக் கூழாங்கற்கள். சில குளங்களில் பொடிக்கல், சிலவற்றில் பெருங்கல். எல்லாவற்றிலும் பல ஆறுகளின் கப்பிகளைக் கலந்து விட்டார். சில மாதங்கள் கழித்துச் சில குளங்களில் பைக் சிக்ளிட், சிலவற்றில் ரிவியூலஸ், மிச்சத்தில் எதுவுமில்லை. பைக் சிக்ளிட் இருந்த குளங்களில் சில தலைமுறைகளுக்குள் ஆண்களின் புள்ளிகள் குறைந்தன, சிறுத்தன. இருந்த புள்ளிகளும் தரைக்கல்லின் அளவை ஒத்து வந்தன: பொடிக்கல் குளத்தில் சின்னப் புள்ளி, பெருங்கல் குளத்தில் பெரிய புள்ளி. பைக் சிக்ளிட் இல்லாத குளங்களில் நேர் மாறு. புள்ளிகள் பெருகியதோடு, கல்லின் அளவுக்கு ஒவ்வாதவையாகி எடுப்பாகத் தெரிந்தன. காரணம் பெண் கப்பிதான். அது பளிச்சென்ற ஆணையே விரும்புகிறது. கண்ணில் படுவதற்குப் பெண்ணும் இழுக்கிறது, மறைவதற்குப் பகையும் இழுக்கிறது; ஒரு பக்கம் கையை எடுத்தால் நிறம் மறுபக்கம் போகிறது. பரிணாம உயிரியலில் நான் அறிந்த மிக அழகான சோதனைகளில் இது ஒன்று. தேர்வு என்பது ஒற்றை விசை இல்லை, எதிரெதிரான விசைகளின் சமன் என்பதை வெறும் கூழாங்கல்லை வைத்துக் காட்டியது.

1976இல் சிற்றோடையில் விட்ட மீன்களும் இதே கதையைச் சொன்னன. இரண்டே ஆண்டுகளில், ஏறத்தாழ 15 தலைமுறைகளில், மங்கலான கீழ்வீட்டு ஆண்களின் வாரிசுகள் மேல்வீட்டு மீன்களைப் போலப் பளிச்சிட்டன.

நிறத்தைவிட ஆழமான ஒன்றை எடுத்துக்கொண்டவர் டேவிட் ரெஸ்னிக் என்ற உயிரியலாளர். ஒரு மீன் எந்த வயதில் முதிர்கிறது, எத்தனை குட்டி போடுகிறது, குட்டி எவ்வளவு பெரியது? கீழ்வீட்டில் நாளை உயிரோடு இருப்போம் என்ற உறுதி இல்லை. அங்கே சீக்கிரம் முதிர்ந்து, நிறையச் சின்னக் குட்டிகளைப் போட்டுவிடும் மீனின் வழியே நிலைக்கும். மேல்வீட்டில் நெருக்கடி வேறு: கூட்டம் அதிகம், இரை குறைவு. தாமதமாக முதிர்ந்து, கொஞ்சமாக, ஆனால் பெரிய குட்டிகளாகப் போடும் மீனின் வழி நிலைக்கும். கோட்பாடு சொன்னது இது. எண்ட்லர் விட்ட மீன்களை 11 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, 30 முதல் 60 தலைமுறைகளுக்குள், அப்படியே நடந்திருந்தது. ரெஸ்னிக் 1981இல் எல் செட்ரோ ஆற்றில் தாமே தொடங்கிய சோதனையில் ஆண் மீன்களில் இந்த மாற்றம் நான்கே ஆண்டுகளில் தெரிந்தது.

கிராண்ட் குழு மரபுவழியை எப்படி உறுதி செய்தது என்று சொன்னேன். ரெஸ்னிக்கின் வழி வேறு. இரண்டு இடத்து மீன்களையும் ஆய்வகத்தில் ஒரே தண்ணீரில், ஒரே அளவு தீனியில் வளர்த்தார். முதல் தலைமுறையை விட்டுவிட்டு இரண்டாம் தலைமுறையை அளந்தார். தாய் வளர்ந்த ஓடையின் தாக்கம் குட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக. அப்போதும் வேறுபாடு நீடித்தது. குருவியைக் கூண்டில் அடைத்து இப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஓடை மீனின் குடும்ப மரத்தை அந்நாளில் குருவியினதைப் போலப் பெயர் பெயராக வரைய முடியாது. அந்தந்த உயிர் எந்த வழியைத் தந்ததோ, அந்த வழியில் போய் இருவரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள் என்பதை மதிக்கிறேன்.

இரண்டுக்கும் பெரிய வேறுபாடு, யார் தேர்கிறார் என்பதில். டாஃப்னேயில் தேர்வது மழை. மழைக்கு நிலையான புத்தி கிடையாது. 1982 இறுதியில் தொடங்கிய எல் நினோ, 1983இன் நடுப்பகுதி வரை 1,300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. கொடிகள் தீவையே மூடி நெருஞ்சியையும் கள்ளியையும் அமுக்கின. பிறந்து மூன்று மாதமான குருவிகள்கூடக் கூடு கட்டின. தரையெங்கும் சின்ன விதைகள். அதன் பின் மறுபடி வறட்சி வந்தபோது உண்ண இருந்தவை அந்தச் சின்ன விதைகளே. அவற்றைப் பொறுக்கப் பெரிய அலகு தோதுப்படவில்லை. பெரிய உடம்புக்குத் தீனியும் அதிகம் வேண்டும். இம்முறை சின்ன அலகுகள் மிகுதியாகப் பிழைத்தன. லைல் கிப்ஸ் என்ற ஆய்வாளரும் பீட்டர் கிராண்டும் 1987இல் இந்தத் திசைமாற்றத்தை வெளியிட்டார்கள். 1977இல் வென்றவர்களின் வாரிசுகள் பத்தாண்டுக்குள் தோற்றார்கள்.

ட்ரினிடாட்டில் தேர்வது பகைமீன். அது ஆண்டுதோறும் மனம் மாறுவதில்லை. அருவிக்குக் கீழே எப்போதும் இருக்கிறது, மேலே எப்போதும் இல்லை. ஆகவே மாற்றம் ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போகிறது. ஒரே சோதனையை வேறொரு ஆற்றில் திரும்பச் செய்தாலும் கிட்டத்தட்ட அதே முடிவு வருகிறது. டாஃப்னே ஒன்றுதான் உண்டு. 1977ஐ இன்னொரு முறை ஓட்டிப் பார்க்க முடியாது. ஓர் அறிவியல் சான்றாக எடை போட்டால், பல ஆறுகளில் திரும்பத் திரும்ப வந்த கப்பியின் சான்றே கனமானது என்று சொல்வேன். ஆனால் எந்தப் பறவை எந்த மாதத்தில், எந்த இரை தீர்ந்தபோது இறந்தது என்று சொல்லக்கூடிய அளவுக்கு அருகில் நின்று பார்த்தது டாஃப்னேதான்.

வேகத்தைப் பற்றிய பழைய குழப்பம் ஒன்று இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் தீர்கிறது. ரெஸ்னிக் குழு 1997இல் தம் கப்பிகளின் மாற்ற வேகத்தைக் கணக்கிட்டபோது, அது தொல்லுயிர்ப் படிவங்களில் கண்ட வேகத்தைவிடப் பத்தாயிரம் மடங்கு முதல் ஒரு கோடி மடங்குவரை அதிகமாக இருந்தது. அப்படியானால் புதைபடிவங்கள் மட்டும் ஏன் இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஏறக்குறைய ஒரே வடிவத்தில் நிற்கின்றன? டாஃப்னே விடையின் ஒரு பகுதியைத் தருகிறது. 1976க்கு முன் ஓர் எலும்பும் 1990க்குப் பின் ஓர் எலும்பும் மட்டும் கையில் கிடைத்தால், நடுவே எதுவுமே நடக்கவில்லை என்றுதான் எழுதுவோம். நடுவில் ஆயிரம் குருவிகள் செத்ததும், அலகு பருத்ததும், மறுபடி மெலிந்ததும் கணக்கிலேயே வராது. நீண்ட கால அமைதி என்பது தேர்வு இல்லாத காலம் ஆக வேண்டியதில்லை. எதிரெதிர்த் தேர்வுகள் ஒன்றையொன்று அழித்த காலமாகவும் இருக்கலாம்.

இரு ஆய்வுகளும் தத்தம் பழைய கதையைத் தாமே திருத்திக்கொண்டது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில். ஏறக்குறைய ஒரே சமயத்தில்.

டாஃப்னேயில் 2003இல் தொடங்கிய கடும் வறட்சி 2005 வரை நீண்டது. 1977இன் பாடப்படி பெரிய அலகுகளே பிழைத்திருக்க வேண்டும். நடந்தது நேர் எதிர். இடையில், 1982 முதல், பெரிய தரைக் குருவி என்ற வேறொரு சிற்றினம் அந்தத் தீவில் குடியேறி இனம்பெருக்கத் தொடங்கியிருந்தது. நெருஞ்சிக் காயை உடைப்பதில் அதற்கு ஈடில்லை. பெரிய அலகுடைய நடுத்தரக் குருவிகள் அதோடு போட்டியிட்டுத் தோற்றன. சின்ன அலகுடையவை வேறு விதைகளைத் தேடிப் பிழைத்தன. கிராண்ட் தம்பதி அதுவரை அங்கே கண்ட மாற்றங்களிலேயே மிக வலுவானது இது. 2016இல் அந்தக் குருவிகளின் டி.என்.ஏ.வைப் படித்தவர்கள், அலகின் அளவோடு தொடர்புடைய ஹெச்எம்ஜிஏ2 என்ற மரபணுப் பகுதியில், பெரிய அலகுக்கான வடிவத்தைச் சுமந்தவை அந்த வறட்சியில் மிகுதியாக இறந்ததைக் கண்டார்கள். அதே வறட்சிதான், ஆனால் அக்கம்பக்கத்தார் மாறிவிட்டார்கள். மழையளவை மட்டும் வைத்து ஆரூடம் சொல்லியிருந்தால் தவறியிருக்கும்.

ட்ரினிடாட்டின் வியப்பு முதுமையைப் பற்றியது. வெளி ஆபத்தால் எப்படியும் சீக்கிரம் சாகும் உயிர், முதுமைவரை உடலைப் பேணத் தேவையில்லை. ஆகவே அது சீக்கிரம் மூப்படையும் என்பது நெடுநாள் கோட்பாடு. கீழ்வீட்டுக் கப்பிகள் மேல்வீட்டுக் கப்பிகளைவிட விரைவில் மூப்படைய வேண்டும். ரெஸ்னிக் குழு பகை இல்லாத ஆய்வகத்தில் இரண்டையும் வளர்த்து, 2004இல் முடிவை வெளியிட்டது. கீழ்வீட்டு மீன்களே நீண்ட நாள் வாழ்ந்தன, நீண்ட நாள் குட்டி போட்டன. நீச்சலில் மட்டும் அவற்றின் திறன் வயதோடு விரைவாகக் குன்றியது. மூப்பு என்பது உடம்பு முழுவதும் ஒரே வேகத்தில் வருவதில்லை என்பது அதில் தெரிந்தது. இதற்கு முன்பே இன்னொன்றும் வெளிப்பட்டிருந்தது: ஓடைகளில் மீன்களுக்குக் குறி போட்டு விட்டுத் திரும்பப் பிடித்துப் பார்த்தபோது, கீழ்வீட்டில் சாவு பெரிய மீன்களுக்கு மட்டும் கூடுதலாக இல்லை, எல்லா அளவுக்கும் கூடுதலாக இருந்தது. மேல்வீட்டின் கூட்ட நெருக்கடியும் இரைப் பற்றாக்குறையும் தேர்வில் பகைமீனுக்கு இணையான பங்கு வகிக்கலாம் என்ற எண்ணம் அதிலிருந்து வலுப்பட்டது. 2008, 2009இல் குவானாப்போ ஆற்றின் நான்கு ஓடைகளில் மறுபடி கப்பிகளை விட்டு, மாதந்தோறும் ஒவ்வொன்றையும் பிடித்துக் குறித்து, குடும்ப மரம் வரையத் தொடங்கியது இதைப் பிரித்தறியத்தான். இரண்டு ஓடைகளில் மரக்கிளைகளைக் கழித்து வெளிச்சத்தைக் கூட்டினார்கள். வெளிச்சம் கூடினால் பாசி கூடும், பாசி கூடினால் இரை கூடும். அதாவது ட்ரினிடாட் ஆய்வு டாஃப்னேயின் வழிக்கு வந்து சேர்ந்தது: ஒவ்வொரு உயிரையும் பின்தொடர்வது.

தேர்வு இவ்வளவு கடுமையாகக் கழித்தால், கழிக்க வேறுபாடு எப்படி மிஞ்சுகிறது? இதற்கும் இரண்டு இடங்களும் இரண்டு விடை தருகின்றன. டாஃப்னேயில் நடுத்தரக் குருவி எப்போதாவது கள்ளிக் குருவியோடும் சின்னத் தரைக் குருவியோடும் இணைகிறது. அத்தகைய இணைகள் மிகச் சில. ஆனால் 1983க்குப் பின் அவற்றின் கலப்புக் குஞ்சுகள் மற்றவற்றுக்கு இணையாகப் பிழைத்து, அலகுகளில் புது வேறுபாட்டைக் கொண்டுவந்தன. திசை மாறி மாறி வீசும் தேர்வும் எந்த ஒரு வடிவத்தையும் முழுக்கத் துடைத்துவிடுவதில்லை. கப்பியில் அரிதாக இருப்பதே ஆதாயம். 2006இல் வெளியான ஓர் ஆய்வில், ஓடைக் குட்டைகளில் ஒரு வகைப் புள்ளிக்கோலத்தைப் பெரும்பான்மையாக்கியும் சிறுபான்மையாக்கியும் பார்த்தார்கள். எந்தக் கோலமானாலும் சிறுபான்மையாக இருந்தபோது அதைச் சுமந்த ஆண்கள் மிகுதியாகப் பிழைத்தன. பெண்களுக்கும் புதுக் கோலம் பிடிக்கும். அரியது பெருகும், பெருகியதும் அரியது என்ற ஆதாயம் போய்விடும். ஒரே குட்டையில் ஆண்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லாததற்கு இது ஒரு காரணம்.

இந்த ஆய்வுகளை மீனவர்களோடும் மீன்வளத் துறையோடும் சேர்த்து வைத்துப் பேச வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான எண்ணம் உண்டு. வலை என்பது ஒரு பகைமீன். அதுவும் பெரியதைப் பிடித்து, கண்ணி வழியே நழுவும் சின்னதை விடும் பகைமீன். கப்பியின் கீழ்வீட்டில் நடந்ததே இங்கும் நடக்கும் என்று எதிர்பார்க்கலாம். கனடாவின் கிழக்குக் கடலில் காட் மீன்கள் 1992இல் பிடிக்கத் தடை போடும் அளவுக்கு அழிந்தன. அந்த அழிவுக்கு முந்தைய ஆண்டுகளிலேயே அவை முன்னைவிடச் சிறிய உடலோடும் குறைந்த வயதிலும் முதிரத் தொடங்கியிருந்ததைப் பிறகு பழைய அளவீடுகளில் கண்டார்கள். எண்ணிக்கை குறைவது கண்ணுக்குத் தெரியும். மரபு மாறுவது அளந்தால்தான் தெரியும். தமிழகக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் மீனைக் காக்கும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் தடை முடிந்த மற்ற பத்து மாதங்களில் வலை எந்த அளவு மீனைத் தேர்கிறது என்பது தனிக் கேள்வி. சின்னதை விட்டுப் பெரியதைப் பிடி என்ற விதி மட்டும் போதும் என்று இருக்கக் கூடாது. மிகப் பெரிய, மூத்த மீன்களில் ஒரு பங்கையும் விட்டுவைக்க வழி காண வேண்டும்.

வலையின் இந்தத் தேர்வைச் சோதித்துப் பார்க்க, டேவிட் கொனோவர், ஸ்டீபன் மன்ச் என்ற ஆய்வாளர்கள் அட்லாண்டிக் கடலோரத்து வெள்ளிப்பக்கம் என்ற சிறுமீனைத் தொட்டிகளில் வளர்த்து, தலைமுறைதோறும் பத்தில் ஒன்பதைப் பிடித்தெடுத்தார்கள். சில தொட்டிகளில் பெரியவற்றை எடுத்தார்கள், சிலவற்றில் சிறியவற்றை. 2002இல் வெளியான முடிவு: நான்கே தலைமுறைகளில், பெரியதைப் பிடித்த தொட்டிகளின் விளைச்சல், சிறியதைப் பிடித்த தொட்டிகளின் விளைச்சலில் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. பிறகு பிடிப்பதை நிறுத்திப் பார்த்தார்கள். டாஃப்னேயில் மழை தன் திசையைத் திருப்பி அலகை மீட்டது. தொட்டியில் அப்படி எதிர்த்திசையில் தள்ள யாரும் இல்லை. பிடிப்பை நிறுத்தி ஐந்து தலைமுறைகளில் உடலளவு கணிசமாக மீண்டது. முழுதும் மீளக் குறைந்தது பன்னிரண்டு தலைமுறை ஆகும் என்று கணக்கிட்டார்கள். வெள்ளிப்பக்கத்துக்கு ஓராண்டுக்கு ஒரு தலைமுறை. காட் மீன் முதிரவே பல ஆண்டுகள் வேண்டும்.